மைக்கில் கொடுத்த ஆயிரம் ரூபாய்

என் சம்பளத்தை ஏற்றிவிட்டதாக நீங்கள் மேடையில் சொன்னது பொய். ஆயிரம் ரூபாயை மைக்கில் கொடுத்தீர்கள். ஆயிரத்து ஐந்நூறை வாடகையில் பிடுங்கிக்கொண்டீர்கள். அன்றைக்குக் கைதட்டியவர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

நான் சொல்வது எங்கள் மழலையர் பள்ளியின் செயலாளரை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வடகரப்பதிப் பக்கம் போகும் வழியில் அவருக்குத் தோப்பு இருக்கிறது, தேங்காய்க் களம் இருக்கிறது, களத்துக்கு எதிரே இந்தப் பள்ளியும் இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம். பள்ளிக்குப் பின்னால் ஆறு லைன் வீடுகள். அவையும் அவருடையவைதான். மூன்றாவது வீட்டில் நானும் என் மகளும் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் எனக்குச் சம்பளம் தருகிறவரும் என்னிடம் வாடகை வாங்குகிறவரும் ஒரே ஆள்.

என் அறைக் கதவில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய பலகை தொங்குகிறது. செயலாளர்தான் கொண்டுவந்து மாட்டினார். அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளை அழைத்துவந்து பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். என்ன வேலை என்றால், ஃபீஸ் வாங்குவது, பஞ்சாயத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தீயணைக்கும் சிலிண்டரைக் காட்டுவது, எந்தக் குழந்தைக்காவது காய்ச்சல் என்றால் தாய்க்குப் போன் போடுவது, சமையல்காரி வராத நாளில் உப்புமா கிண்டுவது. எங்கள் ஆயாவுக்கு அந்தப் பலகை ஒரு வேடிக்கை.

“அட்மினிஸ்ட்ரேட்டரம்மா, ஆபீஸ் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கக்கூஸு அடச்சுக்கிச்சு, குச்சியெடுத்துட்டு வாங்க” என்பாள்.

போவேன். போகாமல் முப்பத்தெட்டுக் குழந்தைகளை எங்கே அனுப்புவது?

காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் திறக்க வேண்டும். ஏழு மணிக்குக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கும். தாய்மார்கள் தூங்குகிற குழந்தையைத் தோளோடு தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நான் கேட்டுக்குள் நின்று கை நீட்டுவேன். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குக் குழந்தை மாறும். பாதிக் குழந்தைகள் கண் விழிக்காது. நான் ஐந்து நிமிடம் தாமதித்தால் வேன் போய்விடும், அந்தத் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் எனக்கு லைன் வீடு. வேலைக்குச் சேர்ந்தபோதே செயலாளர் சொன்னார்: “சாவி உங்க கையிலதான் இருக்கோணும். நீங்க கூப்பிடற தூரத்துல இருக்கோணும். வெளிய ஊடு பாக்காதீங்க.” வாடகையைக் கழித்துக்கொண்டுதான் சம்பளம் கையில் வரும். பன்னிரண்டாயிரம் சம்பளம், மூவாயிரத்து ஐந்நூறு வாடகை.

மளிகைக் கடையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. “மேடத்துக்கு மொதல்ல போட்டு அனுப்பப்பா” என்று கடைக்காரர் பையனிடம் சொல்வார். நான் கால் லிட்டர் தேங்காய் எண்ணெய் கேட்டால், “ஏனுங்க, இதெதுக்குங்க கால் லிட்டரு? ஒரு லிட்டராத்தான் வாங்கிட்டுப் போங்களே” என்பார். அவர் நினைப்பில் எனக்கு மாதம் இருபத்தைந்தாயிரம். ஊரில் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான். தேங்காய் விலை ஏறி எண்ணெய் விலையும் ஏறிய அந்த வருடத்தில், தோப்புக்கு நடுவில் குடியிருந்துகொண்டு நான் சட்னிக்குப் பொட்டுக்கடலையை மட்டும் அரைத்தேன். எதிரே செயலாளரின் களத்தில் தேங்காய் மலைபோலக் கிடக்கும். நெல் வயலில் களை எடுக்கப் போகிற பெண்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பதை நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். மாதம் முழுக்க அவர்களுக்கு வேலை இருந்தால் என்னைவிடக் கூட வரும். ஆனால் நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

ஏன் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்தக் கதையில் என் குற்றம் எது என்று தெரியும். என் அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருந்தது. கிணறு வற்றி, போர் போட்டு, அதற்குக் கடன் வாங்கி, எல்லாம் போய்விட்டது. நிலம் போனபிறகும் பழக்கம் போகவில்லை. கூலி எவ்வளவு என்று பேசுவது வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் செய்கிற காரியம் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். நாங்கள் கொடுக்கிற வீட்டுக்காரர்கள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. பத்து சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தால் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்ளும்.

போன ஜனவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. செயலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வருகிற வருடம் ஃபீஸ் மாதம் இருநூறு ஏறும் என்றார். எல்லோரும் முனகினார்கள். அப்போது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கஞ்சிக்கோட்டில் பிஸ்கட் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அவள் மகள் எங்களிடம் இரண்டு வருடமாக இருக்கிறாள், என் மடியில் உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும் அவளுக்கு. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு காலத்தில் எங்கள் வயலில் களை எடுத்தவள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

“ஏனுங்க செயலாளருங்க, ஒண்ணு கேக்கோணுங்க. ஃபீஸு ஏத்தறீங்க, செரி. எங்க டீச்சரக்காவுக்கு என்ன தர்றீங்க?”

செயலாளர் சிரித்தார். “அதெதுக்குங்க உங்களுக்கு?”

“எங்களுக்குத்தானுங்க. போன வருசம் ரெண்டு மிஸ்ஸு வந்து வந்து ஓடிப்போச்சு. இந்தக்காவும் போயிட்டா என்ற கொழந்தையை ஆருகிட்டீங்க உடறது? நாங்க தர்ற ஃபீஸுல அவங்களுக்கு எத்தனை போகுதுன்னு சொல்லுங்க. கூட தர்றதுன்னா நாங்க கூடத் தர்றோம்.”

இரண்டு மூன்று தாய்மார்கள் “ஆமாங்க” என்றார்கள். ஒரு மலையாளி அம்மா, “சரியாணு, சேச்சிக்குக் கொடுக்கட்டே” என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்காக யாராவது எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்தேன்? எனக்கு முகம் எரிந்தது. எங்கள் வயலில் கூலி வாங்கியவளின் மகள் எனக்குக் கூலி கேட்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. அதைத்தான் முதலில் நினைத்தேன். மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் எழுந்து, “அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்குப் போதுமானது வருதுங்க. அவுங்க குறையில்லாமத்தான் பாத்துக்கறாங்க. நீங்க உக்காருங்க அம்மிணி” என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “போதுமுன்னா செரிங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஃபீஸ் இருநூறு ஏறியது.

அதே மாதக் கடைசியில் எனக்கு மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில், வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பதினைந்தாயிரம் சம்பளம், தங்க ஒரு அறை, அறைக்கு வாடகை கிடையாது. என் மகள் அப்போது பொள்ளாச்சியில் பி.காம். இரண்டாம் வருடம். முதல் வருட ஃபீஸுக்குத் தோட்டை விற்றிருந்தேன், இரண்டாம் வருடத்துக்கு வளையலை விற்றிருந்தேன். மூன்றாம் வருடத்துக்கு விற்க ஒன்றும் இல்லை. அந்த மில் வேலை கிடைத்தால் மகள் படிப்பை முடித்துவிடுவாள். மார்ச் முதல் வாரத்துக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. களத்தைக் கூட்டிப் பந்தல் போட்டார்கள். குழந்தைகள் முயல் காது வைத்துக்கொண்டு ஆடின. ஒரு முயல் மேடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது, ஆயா பாய்ந்து துடைத்தாள், எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். “நம்ம டீச்சரம்மாவை நீங்க எல்லாரும் கேட்டீங்க. நான் மறக்கலீங்க. அவுங்க செய்யறது சம்பளத்துக்குச் செய்யற வேலை இல்லீங்க, சேவை. ஆனாலும் இந்த மாசத்துல இருந்து அவுங்களுக்கு ஆயிரம் ரூபா ஏத்தறேன்” என்றார். பொன்னாடை போர்த்தினார். பச்சை ஜரிகை போட்டது, பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது என்று விலைச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. பேக்கிங் வேலைக்காரப் பெண் தன் மகளைத் தூக்கிப் பிடித்துக் கைதட்ட வைத்தாள்.

மைக்கை என்னிடம் நீட்டினார்கள். “ரொம்ப நன்றிங்க” என்றேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் மில்லுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஊரே பார்க்கப் பொன்னாடை போர்த்திய பிறகு பத்து நாளில் வேலையை விட்டுப் போனால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். இத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள், அடுத்த வருடமும் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயதில் இதுதான் என் புத்தி.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். செயலாளர் காரை விட்டிறங்கி, உள்ளே வராமல், பின்பக்கம் போய் லைன் வீட்டு ஓடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, ஏப்ரல்ல இருந்து ஐயாயிரம் ஆக்கிருங்க.”

“எதைங்க?”

“வாடகையைத்தானுங்க. கோயமுத்தூர் வேலைக்குப் போற பசங்க ஏழாயிரம் தர்றேன்னு வந்து நிக்கறானுங்க. நீங்கங்கறதாலதான் ஐயாயிரம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. கையில் பால் டம்ளர் இருந்தது. “இப்பத்தானுங்களே சம்பளம் ஏத்துனீங்க” என்றேன்.

“அது பள்ளிக்கூடம், இது ஊடு. ரெண்டையும் எதுக்குங்க ஒண்ணாப் போட்டுக் கொழப்பறீங்க?”

“என்னால முடியாதுங்க. புள்ளைக்கு காலேஜு ஃபீஸ் கட்டோணும்.”

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “ஏனுங்க அம்மிணி, அத்தனை பேருக்கு முன்னால போதும்னு சொன்னது ஆரு? நானா? நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே ஒரு குழந்தை பாலைக் கொட்டிவிட்டது. ஆயா கத்தினாள். நான் போய்த் துடைத்தேன்.

அதன்பிறகு ஒரு மாதம் நான் வீடு தேடினேன். வடகரப்பதிப் பக்கம் உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வீடு இருந்தது, நல்ல வீடு, குழாயில் தண்ணீரும் வந்தது. ஆனால் அங்கிருந்து முதல் பஸ் ஏழே காலுக்குத்தான். ஆறே முக்காலுக்குக் கதவை யார் திறப்பது? ஆட்டோவுக்குக் கேட்டேன். மாதக் கணக்குக்கு மூவாயிரம் என்றான். கொழிஞ்சாம்பாறைக்குள் வாடகை லைன் வீட்டைவிட அதிகம். அதற்கு முன்பணம் முப்பதாயிரம். வேலையை விடலாம் என்றால் மில்லில் ஆள் போட்டுவிட்டார்கள். போன் செய்து கேட்டேன், அந்த வெட்கத்தையும் பட்டேன். “அப்பவே வந்திருக்கலாமுல்லங்க” என்றாள் அங்கே இருந்த பெண். எல்லாப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு அதே மூன்றாவது வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஏப்ரல் சம்பளம் கையில் எட்டாயிரம் வந்தது. சம்பளம் ஏறுவதற்கு முன்னால் எட்டாயிரத்து ஐந்நூறு வந்துகொண்டிருந்தது.

பேக்கிங் வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் நினைத்தேன். அவள் மகளை வாங்கிக்கொள்ள வந்தபோது வாய்வரை வந்தது. “என்னங்கக்கா, சம்பளம் ஏறியும் மொகம் இப்படியிருக்குது?” என்று அவளே கேட்டாள். “வெயிலுங்க” என்றேன். ஆயா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போனதும், “நல்லா வெயிலு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டியைக் கழுவப் போனாள்.

மே கடைசியில் கல்லூரியிலிருந்து போனில் செய்தி வந்தது. மூன்றாம் வருட முதல் தவணை பதினாலாயிரம். நான் செயலாளரிடம் சம்பளத்தில் முன்பணம் கேட்டேன். தேங்காய்க் களத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள், உரிக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். “பள்ளிக்கூடத்துல இப்ப வரவே இல்லீங்க அம்மிணி. லீவு மாசமல்லங்க” என்றார். அவருக்குப் பின்னால் தேங்காய் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். சம்பளம் கேட்டு வாசலில் நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று சின்ன வயதில் வீட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் சொன்னாள்: “நான் கம்பெனிக்குப் போறேம்மா. பேக்கிங்ல ஆள் எடுக்கறாங்களாம். அந்த அக்காகிட்டக் கேட்டுட்டேன்.”

“படிப்பு?”

“ஒரு வருசம் சம்பாரிச்சுட்டு அப்புறம் எழுதிக்கறேன்.”

“போனவ எவடி திரும்பப் போயிருக்கறா? எப்படியாச்சும் கட்டிப்போடலாம், இரு. இருக்கறது போதும்.”

அவள் எழுந்து சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே, “நீ போதும் போதும்னு சொல்லியே இங்க வந்து நிக்கறோம். நான் சொல்ல மாட்டேன்” என்றாள்.

கன்னத்தில் அறைய வேண்டும் என்று கை வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் அறையவில்லை.

ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். தாய்மார்கள் வந்தார்கள், நான் குழந்தைகளை வாங்கினேன். பேக்கிங் வேலைக்காரப் பெண் தன் மகளை என் தோளில் போட்டாள். தூக்கத்திலேயே அது என் சேலையைப் பிடித்துக்கொண்டது. என் மகள் எனக்குப் பின்னாலிருந்து டிபன் டப்பாவோடு வந்து, என்னைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போனாள். வேன் வந்தது. தினமும் வேனுக்குள் ஒரே கூச்சலாக இருக்கும். யார் டிபனில் என்ன, யார் மாமியார் என்ன சொன்னாள் என்று. அன்றைக்கு ஒருத்தியும் பேசவில்லை.

“சன்னலோரமா உக்கார வெச்சுக்கறேங்கக்கா. நான் பாத்துக்கறேன்” என்று பேக்கிங் வேலைக்காரப் பெண் சொன்னாள். அப்புறம் ஏறும்போது திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கே நீங்க உக்காரச் சொல்லாம இருந்திருக்கலாமுங்க” என்றாள்.

ஆமாம். இருந்திருக்கலாம்.

வேன் போனது. என் இரண்டு கைகளிலும் குழந்தைகள் இருந்தன. கையசைக்க முடியவில்லை. என் மகளுக்கு முதல் மாதம் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு வந்தது. ஆறு வருடம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்த எனக்குப் பதிமூன்றாயிரம். அவள் பணத்தை என் கையில் கொடுத்தபோது அதில் வாடகை போக எவ்வளவு என்றுதான் என் மனசு முதலில் ஓடியது. கல்லூரியிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

இதை எழுதுவதால் படிப்பு திரும்ப வராது, தெரியும். செயலாளர் இதைப் படித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார், அதுவும் தெரியும். எனக்குப் போக இடம் இல்லை. ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்.

செயலாளர் அவர்களே, நான் போதும் என்று சொன்னது பொய். அந்தப் பொய்யை எத்தனை பேர் முன்னால் சொன்னேனோ அத்தனை பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வருகிற மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதே தாய்மார்கள் வருவார்கள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என் மகளும் வருவாள். ஆண்டு விழாவில் பிடித்த அதே மைக்கைப் பிடியுங்கள். எனக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், என்னிடம் எவ்வளவு திரும்ப வாங்குகிறீர்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்வதானால் அதையும் அந்த மைக்கிலேயே சொல்லுங்கள். களத்தில் வேண்டாம், ஓடுகளைப் பார்த்துக்கொண்டு பின்பக்கம் நின்று வேண்டாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.